சஹன வந்த வியாழக்கிழமை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மாமார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினான்கு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுகிற இடத்தில் மெதுவாகப் பேசுகிறவள் வேலைக்கு ஆக மாட்டாள். அந்தப் பழக்கத்தில் வீட்டில் நான் பேசினாலும் தோட்டத்து வீட்டு வரிசையில் மூன்றாவது லயம் வரை கேட்கும். ஆயாம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சனம் நம்பும் என்கிற கர்வமும் எனக்கு உண்டு. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு அந்தக் கர்வம் போன இடம் தெரியவில்லை. அந்த வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் தங்கச்சி என்னைவிட ஆறு வயது இளையவள். எங்கள் இருவருக்கும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். அவள் பால் வெட்டுகிறவள். பட்டையில் ஒரு காயம் படாமல் வெட்டுவாள். கங்காணி புதிதாக வருகிறவர்களை அவள் மரத்தடிக்குக் கூட்டிப்போய்த்தான் காட்டுவார். அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஒப்பரேஷன் முடிந்து, தேறி, மறுபடி வேலைக்கும் போனாள். போன மழைக்காலத்தில் இடுப்பு வலிக்கிறது என்றாள். மழையில் நனைந்ததால் வந்த வலி என்று நான் தீர்ப்புச் சொல்லி எண்ணெய் தேய்த்துவிட்டேன். எண்ணெய்க்கு அது அசையவில்லை. நோய் எலும்புக்குப் போயிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் விடிய எழும்பி, அவிசாவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று நானே அவளைக் கூட்டிப்போய் வந்தேன்.

இப்படி ஒரு தடவை மருந்து ஏற்றி முடிந்த பிறகு, டொக்டர் என்னிடம் ஒரு சின்ன போத்தலும் ஒரு அட்டையும் கொடுத்தார். வலிக்கு மோர்பின் சிரப், பெலியேட்டிவ் கிளினிக்கில் பேர் பதிந்திருக்கிறது, அங்கிருந்து வீட்டுக்கும் ஆள் வருவார்கள் என்று அவசரமாகச் சொன்னார். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும், எழுத்துத்தான் தெரியாது. அட்டையில் இருந்ததை நான் வாசிக்கவில்லை. பெலியேட்டிவ் என்றால் என்ன என்று டொக்டரைக் கேட்கவும் இல்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவைக் கேட்டேன்.

“பெலியேட்டிவா? அப்போ அவ்வளவுதாங்க,” என்றார் அந்த அம்மா. “டொக்டர்மாரு கைவிட்ட ஆளுங்களத்தான் அங்க அனுப்புவாங்க. அந்த சிரப்ப குடிக்க ஆரம்பிச்சா ரெண்டு மாசங்கூட தாங்காது.”

அந்த அம்மா யார், எந்த ஊர், எதை வைத்துச் சொன்னார், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனாலும் நம்பினேன். படித்த டொக்டரை விட்டுவிட்டு வாங்கில் இருந்தவரை நம்பினேன் பாருங்கள், அதற்கு இன்றைக்கும் என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து போத்தலை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அது என்ன மருந்து என்று தங்கச்சி கேட்டாள். “சத்து மருந்து. மழ விட்டதுக்குப் பொறகு குடிக்கணுமாம்,” என்றேன். எங்கள் சப்ரகமுவப் பக்கத்தில் மழை எப்போது விடுவது? அவள் வலியில் முனகும்போதெல்லாம் பனடோல் மாத்திரை கொடுத்தேன், ஒத்தடம் கொடுத்தேன், சாமி படத்துக்கு விளக்கு வைத்தேன். இரண்டு வாரம் அவள் நேராகப் படுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், என்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் கணவர் கொழும்பில் ஒரு கடையில் ஸ்டோர் வேலை. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். வாங்கில் கேட்டதை நான் பிள்ளை மடுவத்திலிருந்து அவரிடம் போனில் அப்படியே ஒப்புவித்தேன். அவர் அழுதார். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போன் எடுத்தார்.

“அக்கா, இங்க ஒரு ஹொஸ்பைஸ் இருக்கு. சுகமாக்க முடியாதவங்கள கடைசி வரைக்கும் வச்சிப் பாக்குற எடம். நான் போய்ப் பாத்தேன், சுத்தமா இருக்கு, நர்ஸ்மாரு அன்பா பேசுறாங்க. வேல முடிஞ்சி நானும் தெனமும் போய் பாக்கலாம். ஒரு கட்டில் இருக்குதாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணுமாம்.”

அவர் மேல் பிழை சொல்ல மாட்டேன். மனைவியைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் அவர். ஆனால் என் குரலைப் போலவே போனின் குரலும் பெரிது, சிக்னல் கிடைக்கும் கொய்யா மரமும் அடுப்படியை ஒட்டித்தான். தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“அங்க போனா திரும்பி வருவாங்களா அக்கா?” என்றாள்.

“வராம போவாங்களா?” என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உலகத்தோடு மல்லுக்கட்டியிருப்பேன். சொல்லவில்லை. இந்த வலியோடு அக்காவுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அவளுக்குப் போக மனமில்லை, எனக்கு அனுப்ப மனமில்லை, வைத்துப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. ஞாயிறுக்கு நான்கு நாள் இருந்தது.

புதன்கிழமை பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு போன் கோல் வந்தது. ஒரு பிள்ளை இடுப்பில், ஒன்று காலடியில், இன்னொன்று என் கொண்டையைப் பிடித்து இழுக்கிறது. போனில் ஒரு சிங்களப் பெண், நாளை இரண்டு மணிக்கு சஹன குழு உங்கள் லயத்துக்கு வருகிறது, ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். மிச்சம் பிள்ளைகளின் அழுகையில் கேட்காமல் போய்விட்டது.

“ஹரி நோனா, ஒக்கோமலா இன்னவா,” என்றேன். சரி அம்மா, எல்லாரும் இருப்போம் என்று அர்த்தம். எல்லாருமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். எங்கள் சனத்துக்கு அது உரப் பேக்கில் வரும் சாமான்: அரிசி, பருப்பு, மா, டின் மீன். ஒரு மாதத்துக்கு முன் காற்று மழையில் எங்கள் லயத்துக் கூரைத் தகரங்கள் பறந்தபோது கிராம சேவகர் வந்து சஹனவுக்குப் பேர் எழுதிக்கொண்டு போயிருந்தார். எனக்கு வேறு என்ன தோன்றும்? அன்று மாலையே லயத்து முற்றத்தில் நின்று அறிவித்தேன்.

“நாளைக்கு ரெண்டு மணிக்கு சஹன குடுக்க வாராங்க. எல்லாரும் பேக் எடுத்துக்கிட்டு வந்து வரிசையா நில்லுங்க. முண்டியடிச்சா நான் ஏசுவேன்.”

வியாழக்கிழமை பால் நிறுத்துக் கொடுத்து வந்த கையோடு சனம் குளித்து, உடுப்பு மாற்றி, பேக்கோடு வந்துவிட்டது. முப்பது பேராவது இருக்கும். என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அழகாக வரிசையில் நின்றார்கள். மேல் லயத்து வாட்சர் இரண்டு பேக் கொண்டுவந்திருந்தார். ஒன்று அவருக்கு, மற்றது எங்கேயோ தூரத்தில் எம்பிலிப்பிட்டியவில் இருக்கும் அவருடைய கொழுந்தியாவுக்காம்.

இரண்டேகாலுக்கு ஒரு த்ரீவீல் வந்து ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்றது. அதிலிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு நர்ஸ், ஒரு குடை, ஒரு சின்னப் பெட்டி இறங்கின. வேறு ஒன்றும் இறங்கவில்லை. வாட்சர் போய்த் த்ரீவீலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

“லொறி பின்னால வருதா நோனா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“என்ன லொறி?” என்றார் நர்ஸ். வரிசையைப் பார்த்தார், பேக்குகளைப் பார்த்தார். “இவங்க எல்லாரும் நோயாளிங்களா?”

அவர் சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசினார். நான் அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

அவர் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வாசித்துக் காட்டினார். சஹன சத்கார. டொக்டர் பெலியேட்டிவ் என்று சொன்னதற்குச் சிங்களத்தில் அதுதான் பேராம். “நான் கொண்டு வந்தது நோவுக்கு சஹன,” என்றார். “உங்க வீட்டு நோயாளியப் பாக்கத்தான் வந்தேன்.”

முப்பது முகமும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. என் வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. வாட்சர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

“அப்படின்னா எனக்கு முழங்கால் நோவு இருக்கு நோனா. இந்தப் பேக்ல கொஞ்சம் போட்டுவிடுங்க.”

உள்ளே காம்பராவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தங்கச்சி! இரண்டு மாதமாக நான் கேட்காத சிரிப்பு. அவள் சிரிக்க, வெளியே சனம் சிரிக்க, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த கணம் அந்தச் சிரிப்பு “அம்மா!” என்று ஓர் அலறலாக மாறியது. சிரித்ததில் இடுப்பு இழுத்துவிட்டது. நர்ஸ் குடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

அவளை மெதுவாகச் சரித்துப் படுக்கவைத்து, தலையணையை முழங்காலுக்கு நடுவில் வைத்துவிட்டு நர்ஸ் என்னைக் கேட்டார். “சிரப் எத்தன மணிக்கு எத்தன மணிக்கு குடுக்குறீங்க?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“எந்த சிரப்?” என்றாள் தங்கச்சி.

அலுமாரியைத் திறந்து, சேலைகளைத் தூக்கி, போத்தலை எடுத்துக் கொடுத்தேன். மூடி உடைக்காத போத்தல். நர்ஸ் ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசியது தங்கச்சிதான்.

“ரெண்டு கெழமையா நான் செத்துப் பொழைக்கிறேன். நீ சேலைக்கு மருந்து குடுத்துக்கிட்டு இருந்தியா?”

அதைக் கேட்டதும் எனக்கு உடைந்துவிட்டது. வாங்கில் கேட்டது, கைவிட்டவர்கள் போகும் கிளினிக், கடைசி மருந்து, ஞாயிற்றுக்கிழமைக் கட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். உன்னைக் கொல்ல எனக்குக் கை வரவில்லை என்று தங்கச்சியிடம் சொல்லி அழுதேன். நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மருந்து ஏத்துறத நிப்பாட்டிட்டாங்களா?”

“இல்ல. வார செவ்வாய்க்கெழமையும் இருக்கு.”

“கைவிட்ட ஆளுக்கு எதுக்கு அக்கா மருந்து ஏத்துறாங்க?”

நர்ஸ் நிதானமாகச் சொன்னார். சஹன சத்காரவை நோய் தெரிந்த அன்றைக்கே தொடங்கலாமாம். ஒரு பக்கம் டொக்டர்மார் நோயோடு மோதிக்கொண்டிருப்பார்கள். கூடவே இவர்கள் வலி, தூக்கம், சாப்பாடு, பயம், கூட இருக்கிற வீட்டு ஆட்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். வருடக்கணக்காகப் போகிறவர்களும் இருக்கிறார்களாம். மோர்பின் ஆயுளைக் குறைக்கிற மருந்து இல்லை. அளவாகக் கொடுத்தால் வலியை மட்டும் பிடித்து வைக்கும்.

“அப்போ ஹொஸ்பைஸ்?” தங்கச்சி கேட்டாள். சின்னக் குரல்.

“அது கெட்ட எடம் இல்ல நங்கி,” என்றார் நர்ஸ். அவரும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். “நோய வெரட்டுற வைத்தியம் இனிமே உதவாதுன்னு டொக்டரும் நீங்களும் சேந்து முடிவு எடுத்ததுக்குப் பொறகு, மிச்ச நாள வலியில்லாம, மரியாதையா கழிக்கிறதுக்குத்தான் அது. நம்ம நாட்டுல அது பெரும்பாலும் கட்டில் போட்ட ஒரு வீடு. ஒரு காலத்துல உங்களுக்கும் தேவப்படலாம். அப்போ ஒங்கள கேட்டுத்தான் பேசுவோம். வீட்டுலயே இருக்க ஆசன்னா அதுக்கும் வழி பாப்போம். ஆனா இன்னைக்கு நீங்க அந்த கியூவுல இல்ல.”

“நான் அந்த கியூவுல இல்லையா?”

“இல்ல.”

தங்கச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மறுபடி வலி என்று நினைத்துக் குனிந்தேன். சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முப்பது பேரில் பாதிப் பேர், என்ன ஏது என்று தெரியாமலே அழுதார்கள்.

பிறகு வகுப்பு எனக்கு. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இத்தனை மில்லி, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மலம் இறுகும், அதற்கு இன்னொரு சிரப். முதல் இரண்டு நாள் குமட்டும், தூக்கம் வரும், பயப்படக் கூடாது. போத்தல் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. எனக்கு ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை.

“வலி வந்தா குடுத்தா பத்தாதா? வலி இல்லாத நேரத்துல எதுக்கு மருந்து?”

“நீங்க என்ன வேல அக்கா?”

“பிள்ள மடுவத்துல ஆயா.”

“பிள்ளைங்க அழுததுக்குப் பொறகா பால் கரைக்கப் போவீங்க?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடச் சேவையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “அழுததுக்குப் பொறகு பால் கரைக்கிறவ ஆயாவா நோனா? அழுதிட்டா பிள்ள சரியா குடிக்காது. மத்ததுகளும் சேந்து அழும். மணி அடிக்க முந்தியே பால் ஆறி இருக்கணும்!” என்று சீறினேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. நர்ஸ் சிரித்துக்கொண்டே போத்தலை என் கையில் வைத்தார்.

வெளியே வரிசை கலையவில்லை. வெறும் பேக்கோடு வீட்டுக்குப் போக யாருக்கும் மனமில்லை. நர்ஸ் நல்ல மனுஷி. பெட்டியைத் திறந்து நின்றவர்களுக்கெல்லாம் பிரஷர் பார்த்துவிட்டார். வாட்சருக்குக் கூடுதலாக இருந்தது. ஏதோ பரிசு விழுந்த மாதிரி அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

வியாழன் பின்னேரம் முதல் வேளை கொடுத்தேன். அவள் தூங்கினாள். மூக்கடியில் விரல் வைத்து வைத்துப் பார்த்தேன். “மூச்சு விடுறேன், போ அங்கிட்டு,” என்றாள் கண்ணைத் திறக்காமல். வெள்ளிக்கிழமை குமட்டியது, கஞ்சிதான் இறங்கியது. சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்து, நான் வைத்த பருப்பில் உப்பில்லை என்றாள். பிறகு உப்புக் கூடிவிட்டது என்றாள். பிறகு, இத்தனை வருடமாகத் தன்னை யாரும் கேட்காததால் பொறுத்துக்கொண்டதாகவும், எனக்குச் சமைக்கவே தெரியாது என்றும் சொன்னாள். நான் பதிலுக்கு நன்றாகக் கொடுத்தேன். அரை மணி நேரம் சண்டை. கடவுளே, எவ்வளவு இனிப்பான சண்டை! பின்னேரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பீலி வரை நடந்து, முகம் கழுவிவிட்டு வந்தாள்.

நோய் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது எலும்பில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மருந்து ஏற்றப் போக வேண்டும் என்பதும் மாறவில்லை. ஆனால் என் தங்கச்சி எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

இத்தனையிலும் ஒரு காரியத்தை மறந்துவிட்டேன். அவள் கணவருக்கு நான் போன் செய்யவே இல்லை.

பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாடகை வேனோடு வந்து இறங்கினார். கையில் ஒரு புதுப் பை. அதற்குள் ஹொஸ்பைஸுக்கு என்று வாங்கிய புதுப் போர்வை, துவாய், செருப்பு. முகம் அழுது வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் நுழைகிறவர் மாதிரி மெதுவாக உள்ளே வந்தார். கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க இருக்கேன்,” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. தங்கச்சி ஒரு கதிரையில் தலையணை வைத்து உட்கார்ந்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். “யாரக் கேட்டு வேன் புடிச்சீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் முன்னுக்குப் பின் முரணாக ஏதேதோ சொன்னேன். அவள்தான் என்னை அமர்த்திவிட்டு, நர்ஸ் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் அவருக்குச் சொன்னாள். கடைசியில், “நான் இன்னும் அந்த கியூவுல இல்ல. அதுக்கு நேரம் வந்தா நானே சொல்லுவேன். வேன அனுப்புங்க,” என்றாள்.

“அப்போ வலி?”

“இருக்கு. ஒங்களோட சண்ட போட முடியாத அளவுக்கு இல்ல. இது என்னா செருப்பு? கல்யாணம் கட்டி இத்தன வருஷம், பொண்டாட்டி கால் அளவு தெரியாதா?”

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் திணறினார். பிறகு ஞாபகம் வந்தவராக எழுந்து, அந்தக் கொய்யா மரத்தடிக்குப் போய் ஹொஸ்பைஸுக்குப் போன் எடுத்தார். நானும் பின்னாலேயே போனேன். கட்டில் வேண்டாம் நோனா, அவள் வரமாட்டாள் என்று சிங்களத்தில் சொன்னார். மறுபக்கத்தில் அந்த நோனா மிகவும் தணிந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். தங்கச்சி கணவரின் முகம் மாறியது.

“ஐயோ, இல்லீங்க நோனா! செத்துப் போகல. ஆள் வீட்டுல இருக்கா,” என்று கத்தினார். “மீன் பொரிக்கிறா. என்னைய ஏசிக்கிட்டு இருக்கா. இருங்க, கேளுங்க.”

போனை அடுப்படிப் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கச்சி ஏச்சை நிறுத்தவில்லை.